கவிதை நூலை யார் சுமப்பது? மலையகத்திலிருந்து ஒரு பதிப்புப் பார்வை

மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் யட்டவத்தையும் ஒன்று. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் தோட்டத் தமிழரும் வாழும் பகுதி இது. இங்கே தமிழ்ப் பாடசாலையில் படித்த ஓர் இளம்பெண் நாற்பது கவிதைகளைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். அவற்றை நூலாக்க அவள் யாரிடம் போவாள்? மாத்தளை நகரத்து அச்சகம் ஒன்று பணம் வாங்கிக்கொண்டு அச்சடித்துக் கொடுத்துவிடும். கண்டிக்கோ கொழும்புக்கோ போனால் அட்டை இன்னும் அழகாக வரும். பதிப்பகம் என்ற பெயரில் ஒருவர் கவிதைகளைப் படித்துத் தேர்ந்து, தன் செலவில் அச்சிட்டு, கடைக்கும் நூலகத்துக்கும் சேர்ப்பிப்பாரா என்று கேட்டால்தான் விடை கிடைப்பதில்லை.

ஒரு கவிதை நூலுக்கு நான்கு வேலைகள் உண்டு. கவிதைகளைத் தேர்ந்து செப்பனிடுவது முதலாவது. அச்சிடுவது இரண்டாவது. வாசகரிடம் கொண்டுசேர்ப்பது மூன்றாவது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் தேடுபவர் கைக்குக் கிடைக்குமாறு காத்துவைப்பது நான்காவது. தற்காலத் தமிழ்க் கவிதையின் பதிப்பு வரலாற்றில் சிறு பதிப்பகங்களும் பெரும் பதிப்பகங்களும் இந்த நான்கையும் எப்படிப் பங்கிட்டுக்கொண்டன, அந்தப் பங்கீட்டில் மலையகத்துக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மலையகக் கவிஞருக்கு இன்றுவரை கிடைத்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது வேலை மட்டுமே. மற்ற மூன்றும் அவருடைய தலையிலேயே விழுந்திருக்கின்றன.

அச்சுக்கு வந்ததும் வராததும்

மலைநாட்டுத் தோட்ட வாழ்க்கை தமிழ்ச் செய்யுளில் அச்சேறியது புதிதல்ல. ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வந்துவிட்டது. அது யாழ்ப்பாணத்தில் அச்சானது. கோப்பித் தோட்டச் செய்கையைத் தோட்ட நிர்வாகத்தின் பார்வையில் நின்று பாடியது. அதே காலத்தில் தலைமன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தொழிலாளர் பாடிய பாடல்கள் அச்சுக்கு வரவில்லை. அவை வாய்வழியாகவே நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து, சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டிய பிறகுதான் 1980களில் நூலாயின. அச்சு இயந்திரம் யார் கையில் இருந்ததோ அவர்களின் குரலே முதலில் நூலானது. மலையகக் கவிதைப் பதிப்பின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தோட்டத் தொழிலாளருக்கென்றே அச்சிட்டுக் கொண்டுசேர்த்த முயற்சிக்கு மீனாட்சியம்மாள் நடேசய்யரைச் சொல்ல வேண்டும். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. தொழிற்சங்கக் கூட்டங்களில் அவர் பாடிய பாடல்கள் அவை. எழுதியவரும் பாடியவரும் பரப்பியவரும் ஒருவரே. தொழிற்சங்கமே விநியோக அமைப்பாக இருந்ததால் கடை இல்லாத இடத்திலும் பாட்டு போய்ச் சேர்ந்தது. இந்த வழியைப் பின்னால் வந்த இலக்கிய அமைப்புகள் போதிய அளவு பின்பற்றவில்லை.

சி.வி.யின் ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற நெடுங்கவிதை 1954இல் ஆங்கிலத்தில் வந்தது. சக்தி அ. பாலையா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். 1965இல் ஈழக்குமார் தொகுத்த ‘குறிஞ்சிப்பூ’ மலையகக் கவிஞர்களை ஓரிடத்தில் கூட்டியது. இந்த வளர்ச்சிக்கு நடுவே ஒரு பெரும் முறிவும் நேர்ந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எழுதியவர் பலரும் படித்தவர் இன்னும் பலரும் கப்பலேறினார்கள். 1983 யூலை வன்செயல் மாத்தளையையும் விடவில்லை. பதிப்பகம் ஒன்று நிலைக்க வேண்டுமானால் வாசகர் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும். ஒரு தலைமுறை நிலைத்தால் அடுத்தது பெயர்ந்தது என்ற நிலையில் மலையகத்தில் பதிப்பகங்கள் வேரூன்றாததை எழுதுபவரின் குறையாகச் சொல்ல முடியாது.

தனிமனிதர் தாங்கிய பதிப்பகங்கள்

இந்தச் சூழலிலும் மத்திய மலைநாட்டில் பதிப்பு வேலை நடந்தது. கண்டி மாவட்டத்துக் கல்ஹின்னை என்ற சிற்றூரிலிருந்து எஸ்.எம். ஹனிபா ‘தமிழ் மன்றம்’ என்ற பெயரில் நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். ஒரு கிராமத்தின் பெயர் தமிழ் நூல்களின் முகப்பில் பல ஆண்டுகள் இடம்பெற்றது அவர் ஒருவரின் உழைப்பால். கண்டியை மையமாகக் கொண்டு அந்தனி ஜீவா ‘கொழுந்து’ இதழை நடத்தினார். ‘மலையக வெளியீட்டகம்’ மூலம் நூல்களைக் கொண்டுவந்தார். மலையகப் பெண் கவிஞர்களின் ‘குறிஞ்சிக் குயில்கள்’ தொகுப்பும் அவர் முயற்சியே. மாத்தளையைச் சேர்ந்த பண்ணாமத்துக் கவிராயரின் ‘காற்றின் மௌனம்’ 1990களில் நூலானது. சொந்தக் கவிதையிலும் மொழிபெயர்ப்பிலும் பல்லாண்டு உழைத்த ஒருவருக்கு நூல் வர இவ்வளவு காலம் ஆனது.

கொழும்பில் வணிகம் செய்த துரை விஸ்வநாதன் ‘துரைவி’ பதிப்பகத்தைத் தொடங்கி, 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய பெருந்தொகுப்புகளைக் கொண்டுவந்தார். சக்தி பாலையாவின் கவிதைகளையும் துரைவியே நூலாக்கியது. 1998இல் அவர் மறைந்தபோது மலையக இலக்கியம் ஒரு பதிப்பாளரையும் சேர்த்து இழந்தது.

இம்முயற்சிகளுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் பணமும் உடலும் நட்பும் சேர்ந்த அமைப்பு. அந்த மனிதர் இருக்கும்வரை பதிப்பகம் இருந்தது. அவர் போனதும் எஞ்சிய பிரதிகள் எங்கே, பதிப்புரிமை யாரிடம், மறுபதிப்புக்கு யாரைக் கேட்பது என்ற கேள்விகள் வந்தன. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய ‘மல்லிகை’யும் அதன் வெளியீட்டுப் பிரிவான ‘மல்லிகைப் பந்தல்’ என்பதும் இதே வகைதான். தமிழ்நாட்டில் க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன் 2020இல் மறைந்தபோதும் இந்தக் கவலையே எழுந்தது. தனிமனிதப் பதிப்பகத்தின் பெருமையும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

மாத்தளையில் சிறுகதை இதைவிட நல்ல கதியைக் கண்டது. மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் மூவரின் கதைகளும் 1980இல் ‘தோட்டக்காட்டினிலே’ என்ற ஒரே நூலாக வந்தன. மூவரும் சேர்ந்ததால் ஒரு நூல் சாத்தியமானது. கூட்டாக வெளியிடும் இந்த வழி மாத்தளைக்குப் புதிதல்ல என்பதை இந்நூல் காட்டுகிறது.

புதிய கவிதை எங்கே பிறந்தது

தற்காலத் தமிழ்க் கவிதையின் திருப்பங்கள் ஏறக்குறைய எல்லாமே சிறு வெளியீடுகளில்தான் நிகழ்ந்தன. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ்தான் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தது. 1962இல் எழுத்து பிரசுரம் வெளியிட்ட ‘புதுக்குரல்கள்’ 24 பேரின் 63 கவிதைகளைக் கொண்டது. செல்லப்பா நூல்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். சிவகங்கையில் கவிஞர் மீரா நடத்திய ‘அன்னம்’ அடுத்த தலைமுறைக் கவிஞர்களின் முதல் நூல்களைத் துணிந்து வெளியிட்டது. அப்போது பெரும் வணிகப் பதிப்பகங்கள் இவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஈழத்திலும் அதே கதைதான். கல்முனையில் எம்.ஏ. நுஃமான் உள்ளிட்டோரின் வாசகர் சங்கம் 1981இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ மொழிபெயர்ப்பை வெளியிட்டது. யாழ்ப்பாணத்தில் அ. யேசுராசாவின் ‘அலை’ இதழும் வெளியீடும் ஒரு தலைமுறையின் ரசனையை உருவாக்கின. 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ வந்தது. 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் பத்துப் பெண்களின் கவிதைகளைச் ‘சொல்லாத சேதிகள்’ என்ற சிறு நூலாக்கியது. ஒரு படிப்பு வட்டம் அச்சிட்ட மெல்லிய புத்தகம் தமிழ்ப் பெண் கவிதையின் போக்கையே மாற்றியது.

உலகின் பிற இடங்களிலும் இப்படித்தான். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு புத்தகக் கடையை நடத்திய லாரன்ஸ் பெர்லிங்கெட்டி 1955இல் தொடங்கிய சட்டைப்பை அளவுக் கவிதை வரிசை அமெரிக்கக் கவிதையைத் திருப்பியது. இங்கிலாந்தின் வடகோடியில் நியூகாசில் நகரில் 1978இல் தொடங்கிய பிளட்ஆக்ஸ், லண்டனுக்கு வெளியிலிருந்தும் முதன்மைக் கவிதைப் பதிப்பகம் ஆகலாம் என்று நிரூபித்தது. பம்பாயில் 1976இல் அடில் ஜஸ்ஸாவாலா, அருண் கொலட்கர், அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, கீவ் படேல் ஆகிய நால்வரும் சேர்ந்து ‘கிளியரிங் ஹவுஸ்’ என்ற கூட்டுப் பதிப்பகத்தை நடத்தினார்கள். கொலட்கரின் ‘ஜெஜூரி’ அதில்தான் வந்தது. கிளியரிங் ஹவுஸ் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. ஜெஜூரியைப் பின்னாளில் நியூயோர்க்கின் பெரிய பதிப்பகம் ஒன்று தன் செவ்வியல் வரிசையில் சேர்த்தது. சிறு பதிப்பகம் கண்டெடுக்கும், பெரும் பதிப்பகம் பரப்பும் என்ற வரிசை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் சிறு வெளியீடுகளுக்கும் கண் எட்டாத இடங்கள் உண்டு. நுஃமானும் யேசுராசாவும் தொகுத்து 1984இல் க்ரியா வெளியிட்ட ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ ஈழக் கவிதையைத் தமிழ்நாட்டுக்கு உரிய முறையில் அறிமுகம் செய்த நூல். அந்தப் பதினொருவரில் மலையகக் கவிஞர் ஒருவரும் இல்லை, பெண்ணும் இல்லை. பெண்கள் இரண்டே ஆண்டுகளில் தங்களுக்கென்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்து அந்த இடைவெளியை நிரப்பினார்கள். மலையகத்துக்கு அப்படி ஒரு பதில் தொகுப்பு அதே வீச்சில் தமிழ்நாட்டு வாசகரைப் போய்ச் சேரவில்லை. தொகுப்பாளரின் நோக்கத்தைக் குறைசொல்லி இதை விளக்க முடியாது. யாழ்ப்பாணத்துக்கும் கல்முனைக்கும் சென்னையோடு நட்பும் தபாலும் இருந்தன. தலவாக்கலைக்கும் மாத்தளைக்கும் அவை குறைவாகவே இருந்தன. தொகுப்புகள் தொடர்புகளின் வழியாகவே உருவாகின்றன.

பெரும் பதிப்பகங்கள் செய்ததும் செய்யாததும்

இலங்கையில் 1970களில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி நிறுவனம் உள்நாட்டு நூல்களைப் பெருமளவில் வெளியிட்டது. மலிவு விலை, நாடெங்கும் பத்திரிகை முகவர்கள் என்று அதனிடம் எல்லாம் இருந்தன. வெளியிட்டவை பெரும்பாலும் நாவல்கள். தமிழ் நூலுக்கு இந்த நாட்டில் கிடைத்த மிகப் பெரிய விநியோக வலை கவிதைக்குப் பயன்படவில்லை. கவிதைக்கு நாளிதழ்கள் தந்தது ஞாயிறு பக்கத்தின் ஒரு மூலை. அதுவும் சிறிய உதவியல்ல. ‘தினபதி’யின் கவிதா மண்டலம், ‘தினகரன்’, ‘வீரகேசரி’ வாரப் பக்கங்கள் வழியாகவே மலைநாட்டு ஊர்களின் பல கவிஞர்கள் முதன்முதலில் தம் பெயரை அச்சில் கண்டார்கள். கத்தரித்துக் கொப்பியில் ஒட்டிவைத்த அந்தத் துண்டுகளே பலருடைய ஒரே ‘நூல்’.

1990களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலச்சுவடு, உயிர்மை போன்ற நடுத்தர, பெரும் பதிப்பகங்கள் கவிதையை முறையாக வெளியிடத் தொடங்கின. இலங்கைக் கவிஞர்களுக்கு அது பெரிய திறப்பு. அம்பாறை மாவட்டத்து அனாரின் முதல் தொகுப்பு ‘ஓவியம் வரையாத தூரிகை’ எம். பௌசரின் ‘மூன்றாவது மனிதன்’ வெளியீடாக 2004இல் வந்தது. அடுத்தது, ‘எனக்குக் கவிதை முகம்’, 2007இல் காலச்சுவடு வழியாகத் தமிழகம் முழுவதும் போனது. இன்று அவருடைய பெயர் தமிழ்நாட்டு வாசகருக்கு நன்கு அறிமுகம். பௌசர் போன்ற ஒருவர் முதலில் இல்லாமல் இரண்டாவது படி வந்திருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

யட்டவத்தைக்கு இன்னும் அருகிலுள்ள உதாரணம் ஃபஹீமா ஜஹான். குருணாகல் மாவட்டத்து மெல்சிரிபுரவைச் சேர்ந்தவர். மாத்தளை மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால், இதே போன்ற சிங்களச் சூழலில் அமைந்த தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில் ஒன்றிலிருந்து எழுதினார். அவருடைய ‘ஒரு கடல் நீரூற்றி’ 2007இல் குட்டி ரேவதியின் ‘பனிக்குடம்’ வெளியீடாகவும், ‘அபராதி’ 2009இல் ‘வடலி’ வெளியீடாகவும், ‘ஆதித் துயர்’ 2010இல் காலச்சுவடு வெளியீடாகவும் வந்தன. பெண்களுக்கான ஒரு சிறு பதிப்பகம், ஈழத்தவரின் ஒரு சுயாதீனப் பதிப்பகம், தமிழகத்தின் ஒரு பெரும் பதிப்பகம் என மூன்று நூல்கள் மூன்று வகையான இடங்களில் வந்தன. உள்நாட்டுச் சிற்றூரிலிருந்து எழுதும் ஒருவர் தமிழ் உலகத்தின் நடுவே நிற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே சமயம் மூன்று நூல்களும் கவிஞருடைய ஊரிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் அச்சாகவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தியப் பதிப்பினால் வரும் இழப்புகள் இரண்டு. முதலாவது விலை. இந்திய ரூபாயில் விலையிட்ட நூல் கொழும்பில் இறங்கி, இலங்கை ரூபாயாக மாறி, மாத்தளைக்கு வரும்போது தோட்டத்துப் பிள்ளையின் கைக்கு எட்டாத தொகையாகிவிடுகிறது. கவிஞரின் அயலவரே அவருடைய நூலைக் காணாத நிலை உண்டாகிறது. இரண்டாவது, தேர்வு. தொலைவிலுள்ள பதிப்பாசிரியருக்குப் போர்க் கவிதை தெரியும், கடலோரக் கவிதை தெரியும். லயத்து வாழ்க்கையும், பெயர்ப் பட்டியலில் கைநாட்டும், கொழுந்து நிறுக்கும் மாலையும் அவருக்குப் பழக்கமில்லாதவை. பழக்கமில்லாததைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் குறைவு. மல்லிகை சி. குமார், குறிஞ்சித் தென்னவன், சு. முரளிதரன் போன்றோர் தமிழ்நாட்டின் பொதுவான கவிதை உரையாடலில் அரிதாகவே இடம்பெற்றதற்கு இது ஒரு காரணம்.

வெளியீட்டு விழாவின் பொருளாதாரம்

இலங்கையில் ஒரு கவிதை நூல் எப்படி வெளிவருகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. கவிஞர் தன் சேமிப்பையோ கடனையோ கொண்டு 300 அல்லது 500 பிரதிகள் அச்சிடுகிறார். ஐ.எஸ்.பி.என். இலக்கம் பெறுகிறார். ஒரு பாடசாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா நடக்கிறது. ஊரின் வர்த்தகர் ஒருவர் முதற்பிரதி பெறுகிறார். மற்றவர்கள் சிறப்புப் பிரதி பெற்று உறையில் பணம் வைக்கிறார்கள். அந்த மாலையில் அச்சுச் செலவின் ஒரு பகுதி மீள்கிறது. மிச்சப் பிரதிகள் வீட்டு அலுமாரியில் அடைந்துவிடுகின்றன.

இந்த விழாவை இழிவாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பதிப்பகமும் முன்பணமும் இல்லாத இடத்தில் ஒரு சமூகம் தன் கவிஞருக்குக் கூடிக் கொடுக்கும் உதவி அது. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது: விழாவோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. வாங்கியவர்களில் படித்தவர் சிலர். படித்துக் கருத்துச் சொன்னவர் அதிலும் சிலர். அச்சுக்கு முன் யாரும் செப்பனிடவில்லை என்பதால், நல்ல இருபது கவிதைகள் பலவீனமான இருபதோடு சேர்ந்து வந்து, நல்லவையும் கவனிக்கப்படாமல் போகின்றன.

2022இன் பொருளாதார நெருக்கடி இந்த ஏற்பாட்டையும் உலுக்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகள் பின்போடப்பட்டன. சில நாளிதழ்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. பெரிய நிறுவனங்களுக்கே கடதாசி கிடைக்காத நேரத்தில் தோட்டத்துக் கவிஞரின் 300 பிரதிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அச்சுச் செலவு ஏறிய அளவுக்கு வாசகரின் வருமானம் ஏறவில்லை.

நாட்டின் மற்ற இரு மொழிகளோடு ஒப்பிட்டால் இந்த நிலையின் காரணம் விளங்கும். சிங்களத்தில் சரசவி, கொடகே போன்ற பெரிய பதிப்பகங்களும் அவற்றுக்கென்று கடைகளும் உள்ளன. கொடகே தமிழ் நூல்களையும் வெளியிடுகிறது. அது வரவேற்கத்தக்க விலக்கு. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் நிறுவிய கிரேஷன் பரிசு அச்சாகாத கையெழுத்துப் பிரதியையும் ஏற்கிறது. அதனால் நூல் வரும் முன்பே ஒரு படைப்பு கவனம் பெற முடியும். தமிழில் விருதுகள் பெரும்பாலும் அச்சான நூலுக்கே கிடைக்கின்றன. பணம் இல்லாதவர் போட்டிக்குள்ளேயே நுழைய முடிவதில்லை.

காத்துவைப்பவர்கள்

நான்காவது வேலையான காப்பில் தமிழ்ச் சமூகம் அண்மையில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், ஈழத்து, மலையக நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. எங்கும் விலைக்குக் கிடைக்காத பல மலையக இதழ்கள் இன்று அங்கே உள்ளன. யட்டவத்தையில் கைபேசி வைத்திருக்கும் ஒரு மாணவி தன் பிரதேசத்தின் இலக்கியத்தைக் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பது முன்பு எண்ணிப் பார்க்க முடியாதது.

காப்பின் அவசியத்தைக் கவிஞர் சிவரமணியின் கதை சொல்கிறது. 1991இல் இறப்பதற்கு முன் அவர் தன் கவிதைகளை எரித்தார். இதழ்களிலும் நண்பர்களிடமும் எஞ்சியவற்றைப் பெண்கள் ஆய்வு வட்டம் 1993இல் நூலாக்கியது. சிறு இதழும் சிறு வட்டமும் இல்லாதிருந்தால் தமிழ்க் கவிதை அவரை இழந்திருக்கும்.

செய்யக்கூடியவை

இதுவரை பார்த்ததிலிருந்து சில முடிவுகள் தெளிவாகின்றன. பெரும் பதிப்பகம் வந்து மலையகக் கவிதையைத் தேடி எடுக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அவை ஏற்கெனவே ஒருவர் தேர்ந்து வைத்ததையே எடுக்கின்றன. தனிமனிதப் பதிப்பகத்தை மீண்டும் தொடங்கினால் அதே முடிவுக்கே வருவோம். எனவே நமக்கு வேண்டியது ஒரு கூட்டுப் பதிப்பகம். கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் எழுத்தாளர்கள் உறுப்பினராகச் சேர்ந்து, சந்தா செலுத்தி, ஆண்டுக்கு மூன்று கவிதை நூல்களை மட்டும் வெளியிடும் அமைப்பாக அது இருக்கலாம். பம்பாயில் நால்வர் செய்ததை, மாத்தளையில் 1980இல் மூவர் செய்ததை, நாற்பது பேர் செய்ய முடியாதா?

அந்தப் பதிப்பகத்தின் முதல் செலவு அச்சுக்கல்ல, செப்பனிடலுக்கு. ஒரு கவிஞரின் பிரதியை இரண்டு மூத்த கவிஞர்கள் படித்து, எழுத்தில் கருத்துச் சொல்லி, குறைந்தது ஆறு மாதம் திருத்திய பிறகே அச்சுக்குப் போக வேண்டும். 64 பக்கத்தை எட்டவேண்டும் என்று பலவீனமான கவிதைகளைச் சேர்க்காமல், 32 பக்கச் சிறு நூலை வெளியிடும் துணிவு வேண்டும். சிறு நூலின் விலையும் குறையும்.

கொண்டுசேர்க்கும் வேலைக்குப் பாடசாலைகள்தான் கதவு. மத்திய மாகாணத் தமிழ்ப் பாடசாலை நூலகங்களுக்கு ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை மாகாணக் கல்வித் திணைக்களம் வாங்கினால், ஒரு சிறு பதிப்பின் பெரும் பகுதி அங்கேயே நிலைபெறும். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூல் வெளியீட்டுக்கு உதவித் திட்டம் வைத்திருக்கிறது. அதன் படிவமும் முடிவுநாளும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்வரை போய்ச் சேர ஓர் ஏற்பாடு தேவை. மீனாட்சியம்மாள் காட்டிய வழியில் தொழிற்சங்கங்களும் தமது மேதின நிகழ்ச்சியில் ஒரு கவிதை நூலை விற்கலாம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை 2023இல் மலையக மக்கள் நினைவு நடைபவனி சென்றார்கள். மக்களைத் திரட்டும் ஆற்றல் இங்கே குறைவில்லை என்பதற்கு அது சாட்சி.

இறுதியாக, ஒவ்வொரு நூலின் எண்ணிமப் படியும் வெளியான ஐந்தாம் ஆண்டில் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கவிஞருடனான ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பதிப்புரிமை கவிஞரிடமே இருக்கட்டும். பெரும் பதிப்பகம் ஒன்று பின்னால் கேட்டால் அவர் தடையின்றிக் கொடுக்கலாம். சிறு பதிப்பகத்தின் வெற்றியை அதன் கவிஞர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை வைத்தே அளக்க வேண்டும். எத்தனை பேரைத் தன்னிடமே வைத்திருந்தது என்பதை வைத்து அளக்கக்கூடாது.

மலையகத்தில் எழுதுபவர்களுக்குப் பஞ்சமில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்ததுமில்லை. எழுதியதைப் பொறுப்பேற்று நான்கு வேலையும் செய்து முடிக்கும் அமைப்புத்தான் இல்லாதிருந்தது. யட்டவத்தைப் பெண்ணின் நாற்பது கவிதைகளில் பதினைந்து உண்மையிலேயே நல்லவையாக இருந்தால், அந்தப் பதினைந்தைக் கண்டுபிடித்து அவளுக்குச் சொல்வது ஒரு பதிப்பாசிரியரின் கடமை. அப்படி ஒருவரை நம் ஊர்களிலிருந்தே உருவாக்குவதுதான் அடுத்த தலைமுறைக் கவிதைக்கு நாம் செய்யக்கூடிய முதல் முதலீடு.